நண்டுகளுக்கு வழிவிடும் தீவு

பருவத்தின் முதல் பெருமழை இறங்கிய மறுநாள் காலையில் கிறிஸ்மஸ் தீவின் தார்ச்சாலைகள் சிவக்கத் தொடங்கின. முதலில் சாலையோரப் பெரணிகளுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நண்டுகள் வந்தன. பிறகு இருபது, முப்பது. கொஞ்ச நேரத்தில் எண்ண வழியில்லாமல் போயிற்று. உள்ளங்கை அகல ஓடும் ரத்தச் சிவப்பு நிறமுமாக அவை காட்டின் ஒரு பக்கத்திலிருந்து இறங்கி, சாலையை நிறைத்து, மறுபக்கக் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. சருகின் மேல் அத்தனை கால்களும் உரசும் சத்தம் ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல இடைவிடாமல் கேட்டது. அவை கடலுக்குப் போகின்றன. நடுவில் மனிதர்கள் ஒரு சாலை போட்டிருப்பது அவற்றின் கணக்கில் இல்லை.

இந்தக் காட்சிக்காகவே சென்னையிலிருந்து பெர்த் போய், அங்கிருந்து திரும்ப வடமேற்காக 2,600 கிலோமீட்டர் பறந்து வந்திருந்தேன். தீவு ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது, ஆட்சி ஆஸ்திரேலியாவுடையது. மொத்தப் பரப்பே 135 சதுர கிலோமீட்டர்தான். 1643ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளில் இந்தப் பக்கமாகக் கப்பலில் போன வில்லியம் மைனர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமி வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1888 வரை இங்கே நிலையாக யாரும் குடியிருக்கவில்லை. பாஸ்பேட் கனிமம் கிடைத்த பிறகுதான் சீனத் தொழிலாளர்களும் மலாய்க்காரர்களும் கொண்டுவரப்பட்டார்கள். 1958 வரை நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்து நடந்தது. இன்றும் ஊரில் பள்ளிவாசலும் சீனக் கோயில்களும் நூடுல்ஸ் கடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தமிழர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு வகையில் பழக்கம். படகில் புறப்பட்டு ஆஸ்திரேலியாவை நோக்கி வந்த ஈழத்தமிழர்கள் பலர் இந்தத் தீவின் வடமேற்கு முனையில் உள்ள தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். அந்தச் செய்திகள் வழியாகத்தான் எனக்கும் இத்தீவு முதலில் தெரியவந்தது. முகாமுக்குப் போகும் சாலையும் நண்டுகள் கடக்கும் காட்டுக்குள்தான் போகிறது.

ஃபிளையிங் ஃபிஷ் கோவ் என்ற சிறு விரிகுடாவை ஒட்டி, செங்குத்தான பாறைச் சுவருக்கு அடியில் மலாய்க் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒரு வீட்டின் மாடியறையில் தங்கினேன். வீட்டுக்காரரை அக்கம்பக்கத்தார் எல்லோரும் மக்சிக் என்று கூப்பிட்டார்கள், மலாயில் அத்தை முறை. நானும் அப்படியே கூப்பிட்டேன். கார்ச் சாவியைக் கொடுக்கும்போது தோட்டத்தில் சருகு வாரும் ரேக் ஒன்றையும் பின் இருக்கையில் போட்டுவிட்டார். தீவில் எல்லோருடைய வண்டியிலும் மழைக்காலத்தில் அது இருக்கும். சாலையில் நண்டு நின்றால் இறங்கி மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, பத்தடி ஓட்டி, மறுபடி இறங்கி ஒதுக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றிவிட்டால் டயர் பஞ்சராகலாம் என்றும் எச்சரித்தார். உடைந்த ஓடும் கொடுக்கும் அவ்வளவு கூர்மை. ஆனால் அவர் ரேக்கைக் கொடுத்தது டயருக்காக இல்லை என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. “நண்டு வரும்போது கார் நிற்கும். நண்டு போன பிறகு கார் போகும். அவ்வளவுதான் மகனே.”

செந்நண்டு பெரும்பாலும் இந்தத் தீவுக்கே உரியது, கோகோஸ் தீவுகளிலும் கொஞ்சம் உண்டு. கடலில் பிறந்து காட்டில் வாழும் உயிர். ஆண்டின் பெரும்பகுதி மழைக்காட்டின் தரையில் வளை தோண்டி அதற்குள் இருக்கும். உதிர்ந்த இலை, பழம், பூ, முளைக்கும் நாற்று எல்லாவற்றையும் தின்னும். இந்தக் காட்டுக்குள் நடந்தால் தரை கூட்டிவிட்டதுபோல வெறிச்சென்று இருப்பதற்கு அதுதான் காரணம். மழையில்லாத வறண்ட பருவத்தில் வளையின் வாயை இலைகளால் அடைத்துக்கொண்டு, உள்ளே ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். அதற்கு உயிர் என்றால் ஈரம்தான். காற்றிலிருந்தே மூச்சு வாங்கினாலும் செவுள்கள் நனைந்திருக்க வேண்டும், காய்ந்தால் சாவு.

மழை வந்ததும் காடே எழுந்து புறப்படுகிறது. முன்னால் ஆண் நண்டுகள், பின்னால் பெண் நண்டுகள். மேட்டுக்காட்டிலிருந்து கரைக்கு வர ஒரு வாரம்போல ஆகும். வந்ததும் கடலில் உடம்பை நனைத்து ஈரமும் உப்பும் ஏற்றிக்கொள்கின்றன. பிறகு ஆண்கள் கரைமேட்டில் வளை தோண்டி, இடத்துக்காகச் சண்டை போட்டு, இணைசேர்ந்து, மறுபடி ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண்கள் அந்த வளைகளில் 12, 13 நாள் முட்டைகளைச் சுமந்துகொண்டு காத்திருக்கும். முட்டைகளைக் கடலில் விட ஒரு குறிப்பிட்ட பொழுது உண்டு. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில், விடியலுக்கு முன், ஏறிய கடல் இறங்கத் தொடங்கும் நேரம். அந்த நாட்களில்தான் கடல் மட்டம் அதிகம் ஏறி இறங்காமல் இருக்கும், நீரோரத்தில் நிற்கும் தாய்களை அலை வாரிக்கொண்டு போவது குறையும். மழை முன்னதாக வந்தால் நண்டுகள் நிதானமாக நடக்கின்றன, இடையில் நின்று இரை எடுக்கின்றன. மழை தாமதித்தால் விரைந்து நடக்கின்றன. மிகவும் தாமதித்தால் அந்த மாதத்தை விட்டுவிட்டு அடுத்த தேய்பிறைக்குக் காத்திருக்கின்றன. பஞ்சாங்கம் பார்க்கும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, ஒரு நண்டு நிலவைப் பார்த்துப் பயண நாள் குறிக்கிறது என்பதை நேரில் கண்டபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

இவ்வளவு நுட்பமான நாள்கணக்குக்கு நடுவில்தான் சாலை வருகிறது.

சாலை விலங்கைக் கொல்கிறது என்றால் நம் கண்முன் வருவது சக்கரம். தேசியப் பூங்காவில் வேலை செய்யும் மலாய் இளைஞர் ஒருவரோடு காலை முழுக்கச் சாலையோரமாக நடந்தபோதுதான், சக்கரம் அதில் ஒரு பாதி மட்டுமே என்று விளங்கியது. பத்து மணி இருக்கும். மேகம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது. காட்டுக்குள் விடியற்காலையிலும் மாலையிலும் நடந்து, நடுப்பகலில் நிழலில் ஒதுங்குவதுதான் நண்டின் வழக்கம். மரநிழல் இருக்கும்வரை அது நடக்கும். ஆனால் தார்ச்சாலையின் மேல் மரம் கிடையாது. காலையில் சாலைக்குள் இறங்கிய பெண் நண்டு ஒன்று நடுக்கோட்டருகே நின்றுவிட்டது. கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தது. வாயோரம் சின்னச் சின்ன நுரைக்குமிழிகள் கட்டின. முன்னும் நகரவில்லை, பின்னும் போகவில்லை. அவர் குனிந்து, கொடுக்குக்கு எட்டாமல் பின்பக்கமாக ஓட்டைப் பிடித்துத் தூக்கி, அது போக நினைத்த பக்கத்திலேயே, ஒரு பெரணியின் அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு காலை நீட்டி ஈரச் சருகைத் தொட்டது. பிறகு நகர்ந்தது.

“எப்போதும் அது போகிற பக்கம்தான் விட வேண்டும். வந்த பக்கமே விட்டால் மறுபடி ரோட்டுக்கு ஏறும்,” என்றார்.

வெயிலில் சூடேறிய தார், உடலின் நீரை நிமிடங்களில் உறிஞ்சிவிடுகிறது. வண்டியே வராத சாலையிலும் நண்டு சாகும். கனிமம் தோண்டிவிட்டு வெட்டவெளியாகக் கிடக்கும் பழைய சுரங்க நிலங்களிலும் இதே கதைதான். மரம் இல்லாத ஒரு பட்டை நிலம் வழியில் குறுக்கே கிடந்தால் போதும், அது வேலியைவிட மோசமான தடை. வேலி தடுத்து நிறுத்தும். வெட்டவெளியோ உள்ளே விட்டுக் கொல்லும்.

இதற்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் நான் வந்தது. பருவத்துக்கு முன்பிருந்தே பூங்காக்காரர்கள் சாலையோரங்களில் கிலோமீட்டர் கணக்கில் தற்காலிகத் தடுப்புகளை நிறுத்திவிடுகிறார்கள். முழங்கால் உயரமுள்ள வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடுகள், தரையில் அடித்த கம்பிகளோடு கட்டப்பட்டவை. சொரசொரப்பாக எது இருந்தாலும் நண்டு ஏறிவிடும், அதனால் மழமழப்பு முக்கியம். தகட்டின் அடிவிளிம்பு மண்ணுக்குள் இருக்க வேண்டும், இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. தடுப்பில் வந்து முட்டும் நண்டு ஒருமுறை ஏறப் பார்க்கிறது, சறுக்குகிறது, பிறகு பக்கவாட்டில் தகட்டோடு ஒட்டியே நடக்க ஆரம்பிக்கிறது. பின்னால் வருவதும் அப்படியே. தடுப்பு மெல்ல மெல்லச் சாய்ந்து போய் ஒரு சுரங்கவழியின் வாயில் முடிகிறது. சாலைக்கு அடியில் குறுக்காக ஓடும் கான்கிரீட் வழி அது. தீவில் இப்படி முப்பதுக்கும் மேல் இருக்கின்றன.

ஒரு சுரங்கவழியின் மறுமுனையில் மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். வெளியே வெயில், உள்ளே ஈரமான குளிர்ச்சி. தரை தெரியாமல் நண்டுகள். ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, சுவரோரமாகச் சாய்ந்து, நின்று, நகர்ந்து, வெளிச்சத்துக்கு வந்து, என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாக இறங்கின. தலைக்கு மேலே ஒரு லாரி போனது, கான்கிரீட் அதிர்ந்தது. நண்டுகளின் நடை மாறவில்லை. என் வாழ்நாளில் இத்தனை உயிர்களை இத்தனை அருகில் நான் கண்டதில்லை.

சுரங்கவழி தோண்ட வசதியில்லாத ஓரிடத்தில் சாலைக்கு மேலாகப் பாலமே கட்டியிருக்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். இருபுறமும் ஏறக்குறையச் சுவர்போலச் செங்குத்தாக எழும் இரும்புப் பாலத்தில் நண்டுகள் கால்களைக் கொக்கியாக மாட்டி ஏறுகின்றன. பாறைச் சுவர்களில் ஏறி இறங்கிப் பழகிய உடம்புக்கு இது பெரிய காரியமில்லை. அடியில் கார் போகிறது, மேலே சிவப்பு வரிசை போகிறது. உலகம் முழுவதும் படம்பிடித்துப் பரவியிருப்பது இந்தப் பாலம்தான். ஆனால் அந்த இளைஞர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் அக்கறையெல்லாம் தடுப்புத் தகட்டின் மேல்தான். பாலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் வாசல் வரைக்கும் நண்டைக் கொண்டுவந்து சேர்ப்பது தகடுதான். தகடு மட்டும் இருந்து பாலமோ சுரங்கமோ இல்லாவிட்டாலோ, ஒன்றுமே செய்யாமல் இருந்ததைவிடக் கேடு. கடலுக்குப் போக முடியாமல் தடுப்போரமே காய்ந்து குவிந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வழி.

இதே பாடத்தைக் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேறு விலங்குகளிடம் கற்றிருக்கிறார்கள். அந்த நாட்டின் குறுக்கே ஓடும் பெரிய நெடுஞ்சாலை பூங்காவின் நடுவே போகிறது. அங்கே 2.4 மீட்டர் உயர வேலியை இருபக்கமும் 82 கிலோமீட்டருக்குப் போட்டு, 6 மேம்பாலங்களும் 38 சுரங்கவழிகளும் கட்டினார்கள். வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, மான் இனங்களில் 96 சதவீதம். ஆனால் அந்தப் பாலங்களைக் கிரிஸ்லி கரடிகள் நம்பிப் பயன்படுத்த ஐந்து ஆண்டுகள் வரை ஆனது. கரடி பழகும், தாய் குட்டிக்குக் காட்டிக்கொடுக்கும். கிரிஸ்லியும் ஓநாயும் அகன்ற, திறந்த பாலத்தை விரும்புகின்றன. கருங்கரடியும் பூமாவும் குறுகலான, மறைவான வழியைத் தேடுகின்றன. அதனால் ஒரே அளவில் கட்டிவிட்டுக் கைகழுவ முடியாது. செந்நண்டுக்கோ காட்டிக்கொடுக்கத் தாய் கிடையாது. அது வழி கற்றுக்கொள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. அது நடக்கும் கோட்டுக்கு நாம்தான் போய் நிற்க வேண்டும். எந்தச் சரிவில் எந்த ஆண்டு எவ்வளவு கூட்டம் இறங்கியது என்று இந்த இளைஞர்களின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. அதை நம்பித்தான் தகடு நடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, பாலத்தையும் சுரங்கத்தையும் விட என்னை உலுக்கியது ஊர் நடுவில் ஒரு கரும்பலகை. தீவுக்காரர்கள் சாக்பீஸால் ஒருவருக்கொருவர் செய்தி எழுதிவைக்கும் பலகை. பிறந்தநாள் வாழ்த்து, பழைய சோபா விற்பனை, அவற்றோடு எந்தச் சாலை இன்று மூடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு. உள்ளூர் வானொலியும் அதைச் சொல்கிறது. கூட்டம் அதிகமாக இறங்கும் நாட்களில் சாலையையே மூடிவிடுகிறார்கள். சில சாலைகள் நாள் முழுக்க, சில காலையும் மாலையும் மட்டும். மக்சிக்கின் மருமகள் வேலைக்குப் போகச் சுற்றுவழியில் அரைமணி முன்னதாகக் கிளம்பினார். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், எல்லோருக்கும் அங்கிள், மேட்டிலிருக்கும் நண்பர் வீட்டுக்குச் சீட்டாடப் போவதை அந்த வாரம் நிறுத்திவைத்தார். யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. மூடிய சாலையின் குறுக்கே இருந்ததெல்லாம் ஒரு தடுப்புக் கட்டையும் ஒரு அறிவிப்பும்தான், காவலுக்கு ஆள் இல்லை. யாரும் அதை நகர்த்திவிட்டுப் போகவும் இல்லை.

அந்தக் கட்டையின் முன்னால் காரை நிறுத்திவிட்டு நின்றபோது எனக்குத் திம்பம் நினைவு வந்தது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்த மலைச்சாலையில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தாளவாடிப் பக்கத்து விவசாயிகள் மறியலுக்கே வந்தார்கள். காய்கறி இரவில்தான் சந்தைக்குப் போகும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பந்திப்பூரில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை சாலையை மூடுகிறார்கள், அதுவும் இன்றுவரை வழக்கும் வாதமுமாகத்தான் நடக்கிறது. சாலையை மூடுவதற்குச் செலவு கிடையாது. விலங்குக்கு அதைவிட உறுதியான பாதுகாப்பும் கிடையாது. ஆனால் மூடினால் யாருக்கோ ஒரு நாள் கூலி போகும், யாருக்கோ ஒரு லாரி தக்காளி அழுகும். அந்த இழப்பை ஒரு மலைக்கிராமத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் பாராட்டிக்கொண்டிருக்க முடியாது. கிறிஸ்மஸ் தீவில் அது எளிதாக நடக்கக் காரணம் இருக்கிறது. சுமார் 1,700 பேர் வாழும் ஊர். மூடுவது சில வாரங்கள்தான். எல்லோருக்கும் ஒரே அளவு சிரமம். நண்டைப் பார்க்க வருபவர்களால் ஊருக்கு வருமானமும் உண்டு. சிரமத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் சாலை மூடும், இல்லாவிட்டால் வழக்குதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தீவிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. செந்நண்டுக்குக் கிடைக்கும் கரிசனம் தென்னை நண்டுக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. உலகில் நிலத்தில் வாழும் கணுக்காலிகளில் அதுவே மிகப் பெரியது. நான்கு கிலோ வரை எடை, காலை விரித்தால் ஒரு மீட்டர் அகலம், அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆயுள். கொள்ளைக்கார நண்டு என்று தீவில் அதற்குப் பட்டப்பெயர். இரவில் அது மெதுவாகச் சாலைக்கு வருகிறது. ஏன் வருகிறது என்று கேட்டேன். சக்கரத்தில் நசுங்கிக் கிடக்கும் செந்நண்டைத் தின்ன வருகிறது. தின்றுகொண்டிருக்கும்போது அடுத்த வண்டி வருகிறது. கூட்டமாக வராமல் தனியாக, ஆண்டு முழுவதும், எந்த இரவிலும் வருவதால் அதற்காகச் சாலையை மூட முடியாது, தகடு நடவும் முடியாது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகள் இருக்கின்றன, ஓட்டுபவரின் கண்தான் மிச்சம். ஓர் இரவு மக்சிக்கின் மகன் ஓட்டிய வண்டியில் திரும்பும்போது விளக்கொளியில் ஊதா கலந்த கருநீலத்தில் ஒன்று சாலையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. வண்டியை நிறுத்தி, இறங்கி, அது தின்றுகொண்டிருந்த நசுங்கிய ஓட்டை முதலில் ரேக்கால் ஓரத்துக்குத் தள்ளினார். இரை போன பக்கம் அதுவும் போயிற்று. செத்ததைச் சாலையில் விட்டுவைக்காமல் அகற்றுவது இன்னொரு சாவைத் தடுக்கிறது. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் அடிபட்ட நாயைத் தின்ன இறங்கும் பருந்தும் நரியும் இப்படித்தான் போகின்றன.

சாலையைவிடப் பெரிய கொலையாளி ஒன்றும் இங்கே இருந்தது. மனிதர்களோடு தற்செயலாக வந்துசேர்ந்த மஞ்சள் பைத்திய எறும்பு. 1990களில் அது பெருங்கூட்டங்களாகக் காட்டைப் பிடித்தது. நண்டின் கண்ணில் அமிலத்தைப் பீய்ச்சிக் குருடாக்கிக் கொன்றது. கோடிக்கணக்கில் நண்டுகள் செத்தன. கடலுக்கு நடக்கும் வழியில் எறும்புக் கூட்டம் இருந்தால், எறும்பே இல்லாத தொலைக்காட்டு நண்டுகளும் வழியிலேயே முடிந்தன, அந்தக் காடும் காலியாயிற்று. நடுவழியில் ஓரிடம் அடைபட்டால் தொலைவில் இருக்கும் காடுகூடச் சாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த எறும்புகளுக்குத் தேன்போன்ற இனிப்பைச் சுரந்து கொடுப்பது ஒரு செதில்பூச்சி. அந்தப் பூச்சியைத் தாக்கும் 2 மில்லிமீட்டர் குளவி ஒன்றை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் காட்டில் விட்டார்கள். எறும்பு குறைந்தது, நண்டு மீண்டது. இன்று தீவில் பத்துக் கோடிக்கு மேல் நண்டுகள் இருக்கும் என்கிறார்கள். அதனால் சாலையில் கூட்டமும் கூடியிருக்கிறது, தகடு நடும் வேலையும் கூடியிருக்கிறது.

தேய்பிறை அஷ்டமிக்கு அடுத்த நாள் விடியலுக்கு முன் எத்தல் கடற்கரைக்குப் போனோம். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாறை, மணல், படிக்கட்டு எல்லாம் பெண் நண்டுகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் பழுப்பு நிறத்தில் பொங்கி நிற்கும் முட்டைப் பொதி, ஒரு லட்சம் முட்டைகள் வரை. கடல் இறங்கத் தொடங்கியதும் அவை நீரோரத்துக்கு நகர்ந்தன. அலை வந்து தொட்டபோது கொடுக்குகளை மேலே தூக்கி உடம்பைக் குலுக்கின. முட்டை நீரைத் தொட்ட கணமே பொரிந்துவிடுகிறது. சில, செங்குத்துப் பாறையின் மேலிருந்தே குலுக்கி உதிர்த்தன. அடியில் நீர் கலங்கிக் கறுத்தது. விடிந்ததும் அந்தக் கலங்கலுக்குள் மீன்கள் வந்தன. இந்த இரைக்காகவே திமிங்கிலச் சுறாக்கள் இந்தப் பருவத்தில் இத்தீவைத் தேடி வருகின்றன. மேட்டுக்காட்டில் ஒரு பெரணிக்கடியில் தூக்கி வைக்கப்பட்ட அந்த நண்டும் இந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் நின்றதை மறைக்கத் தோன்றவில்லை.

கடலில் விழுந்த அந்தக் கோடானுகோடி உயிர்களில் பெரும்பாலானவை திரும்புவதில்லை. ஒரு மாதம்போலக் கடலில் வளர்ந்து, 5 மில்லிமீட்டர் குஞ்சாகக் கரையேற வேண்டும். பல ஆண்டுகளில் ஒன்றுகூட வராது, அல்லது கொஞ்சம் வரும். பத்தாண்டில் ஓரிரு முறைதான் கரையே இளஞ்சிவப்பாகும்படி வந்து குவிகின்றன. அந்த ஓரிரு ஆண்டுகள்தான் இனத்தைத் தாங்குகின்றன. அந்தக் குஞ்சுகள் காட்டுக்கு ஏற ஒன்பது நாள்போல நடக்கின்றன, அதே சாலைகளைக் கடந்து. முழங்கால் உயரத் தகடு அவற்றை ஒன்றும் செய்யாது, எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். ரேக்கால் ஒதுக்கினால் நசுங்கிவிடும். அதற்கு இலைகளை ஊதித் தள்ளும் காற்றுக்குழாய்க் கருவி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் ஒருவர் மெதுவாக ஊதிக்கொண்டே நடக்க, பின்னால் வண்டி நடைவேகத்தில் வரும். மிகுதியாக வந்தால் சாலையை மூடிவிடுவார்கள்.

நான் கிளம்பும் முன் அந்த இளைஞரை மறுபடி அதே வளைவில் பார்த்தேன். பெண் நண்டுகள் காட்டுக்குத் திரும்பும் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. இப்போது அவை கீழிருந்து மேலே வருவதால் சாலையின் கடற்பக்கத் தடுப்புதான் முக்கியம். இரவு விழுந்த கிளை ஒன்று அங்கே நாலைந்து தகடுகளைச் சாய்த்துவிட்டிருந்தது. இடைவெளியில் புகுந்த நண்டுகள் சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தன.

“இந்த ஆண்டு குஞ்சுகள் வருமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. கடல்தான் சொல்ல வேண்டும்,” என்றார். பேசிக்கொண்டே தகட்டின் ஒரு முனையை மண்ணுக்குள் அழுத்தி, மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கினார். அடுத்த தகட்டுக்கு நகர்ந்தோம்.